மாறுகண்ணும் தூரப்பார்வைக் குறைபாடும்

உங்கள் 2 அல்லது 3 வயதுக் குழந்தை படப் புத்தகத்தை உற்றுப் பார்க்கும்போது ஒரு கண் மூக்கை நோக்கித் திரும்புகிறதா? தூரப்பார்வைக் குறைபாடு அதற்குக் காரணமாக இருக்கலாம். இக்குறைபாடுள்ள குழந்தை தெளிவாகக் காண்பதற்குக் கண்ணிலுள்ள லென்ஸை இயல்பைவிட அதிகமாகத் தடிக்கச் செய்ய வேண்டியுள்ளது. இம்முயற்சியும் கண்கள் உள்நோக்கித் திரும்புவதும் ஒன்றோடொன்று இணைந்த செயல்கள். எனவே முயற்சி மிகும்போது ஒரு கண் உள்ளே திரும்பிவிடுகிறது.

எல்லா மாறுகண்ணும் இவ்வகையன்று. ஆயினும் இவ்வகைக்கு முதற்சிகிச்சை கண்ணாடியே. அறுவை சிகிச்சை அன்று. சொட்டு மருந்திட்டு அளவு பார்த்த பின் தரப்படும் கண்ணாடியைக் குழந்தை விழித்திருக்கும் நேரம் முழுவதும் அணிய வேண்டும். கழற்றியதும் கண் மீண்டும் திரும்புவதைக் கண்டு, பயனில்லை எனப் பெற்றோர் சிலர் நிறுத்திவிடுகின்றனர். அது தவறு, அணிந்திருக்கையில் கண் நேராக நிற்கிறதா என்பதையே கவனியுங்கள். அப்போதும் திரும்பினால் கண் மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று கருதியோ, வளர வளரச் சரியாகிவிடும் என்று நம்பியோ காத்திருக்க வேண்டாம். திரும்பிய கண் அனுப்பும் காட்சியை மூளை புறக்கணிக்கத் தொடங்கினால், அக்கண்ணின் பார்வை வளர்ச்சி குன்றிச் 'சோம்பேறிக் கண்' ஆகிவிடும். 7 வயதுக்கு முன் சிகிச்சையைத் தொடங்கினால் பார்வையை மீட்கும் வாய்ப்பு அதிகம்.