வேலையிடத்தில் காயமா? இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இருக்கிறது, தெரியுமா?

பட்டறையில் கை இயந்திரத்தில் சிக்குகிறது. உணவகச் சமையலறையில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து முதுகில் அடி. சாப்பாடு கொண்டுபோகும் வழியில் மோட்டார்சைக்கிள் சறுக்குகிறது.

வேலை செய்யும்போது காயம்பட்டால் இழப்பீடு கிடைக்கும் என்பது சிங்கப்பூரில் பெரும்பாலோருக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு கிடைக்கும்? அதற்கு மேல் கேட்க முடியுமா? இந்த இடத்தில்தான் பலருக்குக் குழப்பம்.

சுருக்கமாகச் சொன்னால், உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சுலபமானது, ஆனால் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. மற்றொன்றில் உச்சவரம்பு கிடையாது, ஆனால் சிரமம் அதிகம். இரண்டிலும் போக முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் வழி: வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம்

பலரும் ‘விக்கா’ என்று அழைக்கும் சட்டம் இது. முன்பு உடலுழைப்பு ஊழியர்களையே பெரும்பாலும் பாதுகாத்த இந்த ஏற்பாடு, 2008ஆம் ஆண்டு விரிவுபடுத்தப்பட்டது. இப்போது நடப்பில் இருக்கும் சட்டம் 2019ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டு, 2020 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது.

வேலை ஒப்பந்தத்தின்கீழ் வேலை செய்யும் எல்லா ஊழியர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. உள்ளூர்க்காரர், வெளிநாட்டவர் என்ற பேதமில்லை. வயது, சம்பளம், பகுதிநேரம், முழுநேரம் எதுவும் பொருட்டல்ல. ஆனால் இல்லப் பணிப்பெண்கள், சுயதொழில் செய்வோர், ராணுவம், காவல்துறை போன்ற சீருடைப் பிரிவினர் இதில் சேரமாட்டார்கள்.

இந்தச் சட்டத்தின் பெரிய பலம் என்ன? யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நீங்களே கொஞ்சம் கவனக்குறைவாக இருந்திருந்தாலும் இழப்பீடு உண்டு. வேலையால் வந்த காயமா என்பதுதான் கேள்வி. குடிபோதை, சண்டை, வேண்டுமென்றே காயப்படுத்திக்கொள்வது போன்றவற்றுக்கு மட்டும் கிடைக்காது.

வழக்கறிஞர் கட்டாயமில்லை. நிறுவனத்தின் காப்புறுதி நிறுவனமே கோரிக்கையைக் கவனிக்கும். உடலுழைப்பு ஊழியர்கள் அனைவருக்கும், மாதம் 2,600 வெள்ளி அல்லது அதற்குக் குறைவாகச் சம்பாதிக்கும் மற்ற ஊழியர்களுக்கும் நிறுவனம் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். அதற்கான செலவை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

என்னென்ன கிடைக்கும்?

ஒன்று, மருத்துவ விடுப்புக் காலச் சம்பளம். வெளிநோயாளியாக 14 நாள்வரை, மருத்துவமனை விடுப்பு என்றால் 60 நாள்வரை முழுச் சம்பளம். அதன் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுவரை. ‘லைட் டூட்டி’ கொடுக்கப்பட்டு வருமானம் குறைந்தாலும் இதே பாதுகாப்பு உண்டு.

இரண்டு, மருத்துவச் செலவு. 53,000 வெள்ளிவரை அல்லது விபத்திலிருந்து ஓராண்டுவரை, எது முதலில் வருகிறதோ அதுவரை.

மூன்று, மொத்தமாகக் கிடைக்கும் தொகை. நிரந்தர உடற்குறை ஏற்பட்டாலோ ஊழியர் உயிரிழந்தாலோ இது வழங்கப்படும். உச்சவரம்பு நன்றாகத் தெரிவது இங்கேதான்.

2025 நவம்பர் 1ஆம் தேதி முதல் நடக்கும் விபத்துகளுக்கு வரம்புகள் இவை:

மரணம்: குறைந்தது 91,000 வெள்ளி, அதிகபட்சம் 269,000 வெள்ளி.

முழுமையான நிரந்தர உடற்குறை: குறைந்தது 116,000 வெள்ளி, அதிகபட்சம் 346,000 வெள்ளி. இரு கண்களிலும் பார்வை போவதுபோல உடற்குறை 100 விழுக்காடு என்றால், பராமரிப்புச் செலவுக்காகக் கூடுதலாக 25 விழுக்காடு கிடைக்கும்.

அந்தத் தேதிக்கு முன்பு நடந்த விபத்து என்றால் பழைய வரம்புகள்தான். உடற்குறைக்கு அதிகபட்சம் 289,000 வெள்ளி, மரணத்துக்கு 225,000 வெள்ளி. பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதல்ல, விபத்து எப்போது நடந்தது என்பதே கணக்கு.

சரி, கணக்கு எப்படி?

மாதச் சராசரி வருமானம், வயதுக்கேற்ற பெருக்கு எண், உடற்குறை விழுக்காடு. இந்த மூன்றையும் பெருக்க வேண்டும். வருமானத்தில் ஓவர்டைமும் சேரும். 40 வயதுக்கு உட்பட்டவருக்குப் பெருக்கு எண் 181. வயது கூடக்கூட அது குறையும்.

28 வயது ஊழியர் ஒருவர் மாதம் 1,200 வெள்ளி சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காயத்தால் 10 விழுக்காடு உடற்குறை. 1,200ஐ 181ஆல் பெருக்கினால் 217,200. அதில் 10 விழுக்காடு 21,720 வெள்ளி. இது உச்சவரம்புக்குள் வருகிறது. முழுத் தொகையும் கிடைக்கும்.

அதே வயது, அதே காயம், ஆனால் மாதம் 3,600 வெள்ளி சம்பாதிப்பவர்? 3,600ஐ 181ஆல் பெருக்கினால் 651,600. ஆனால் சட்டம் 346,000 வெள்ளியோடு நிறுத்திவிடுகிறது. அதில் 10 விழுக்காடு 34,600 வெள்ளி. வரம்பு இல்லையென்றால் 65,160 வெள்ளி வந்திருக்கும்.

சம்பளம் மூன்று மடங்கு. இழப்பீடோ ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான்.

உச்சவரம்பு என்றாலே பெரிய சம்பளக்காரர்களின் கவலை என்று நாம் நினைப்போம். அப்படியில்லை. 346,000ஐ 181ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 1,912 வெள்ளி. அதாவது, 40 வயதுக்கு உட்பட்ட ஒருவர் மாதம் அதற்கு மேல் சம்பாதித்தாலே இந்த வரம்பு அவரைத் தொட்டுவிடும். டிப்ளோமா முடித்து முதல் வேலைக்குப் போகும் பலரும் இதில் அடங்குவார்கள்.

குறைந்தபட்ச வரம்பு எதிர்ப்பக்கம் உதவுகிறது. பகுதிநேர வேலையில் மாதம் 600 வெள்ளி சம்பாதிக்கும் மாணவருக்குக் கணக்குப்படி வருவது 108,600. சட்டம் அதை 116,000ஆக உயர்த்திவிடும். 10 விழுக்காடு உடற்குறைக்கு 11,600 வெள்ளி கிடைக்கும்.

ஏன் இந்த உச்சவரம்பு?

இது ஒருவகைக் கொடுக்கல் வாங்கல். ஊழியர் தப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. பணம் நிச்சயம், சீக்கிரமும் வரும். பதிலுக்கு, முதலாளியும் காப்புறுதி நிறுவனமும் எவ்வளவு கொடுக்க வேண்டிவரும் என்பது முன்கூட்டியே தெரியும். வரம்பு இல்லாவிட்டால் காப்புறுதிக் கட்டணம் எகிறும்.

அதனால்தான் வலிக்கும் வேதனைக்கும் இந்தச் சட்டத்தில் தனித் தொகை கிடையாது.

இரண்டாம் வழி: நீதிமன்ற வழக்கு

முதலாளியோ வேறொருவரோ கவனக்குறைவாக இருந்ததால்தான் காயம் ஏற்பட்டது என்று நிரூபிக்க முடியுமானால், ‘காமன் லா’ எனப்படும் பொதுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கலாம். பாதுகாப்புக் கவசம் இல்லாத இயந்திரம், சரியாகக் கட்டப்படாத சாரம் போன்றவை உதாரணம்.

இங்கே வலி, வேதனை, எதிர்கால மருத்துவச் செலவு, எதிர்கால வருமான இழப்பு எல்லாவற்றையும் கேட்கலாம். மேலே சொன்ன வரம்புகள் இங்கே பொருந்தா.

ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். உங்கள் மேலும் தப்பு இருந்தால் தொகை குறையும். தோற்றால் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். வழக்கறிஞர் செலவு வேறு. அரசாங்கத்தின் சட்ட உதவிப் பிரிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் உதவும். வெளிநாட்டு ஊழியர்கள் வெளிநாட்டு ஊழியர் நிலையம், டிடபிள்யூசி2, ஹோம் போன்ற அமைப்புகளிடம் ஆலோசனை கேட்கலாம்.

அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது?

சிறிய காயம், யார் தப்பு என்று சொல்வது கடினம் என்றால் முதல் வழி பெரும்பாலும் போதும். வாழ்நாள் முழுக்கப் பாதிக்கும் காயம், இளம் வயது, நிறுவனத்தின் தப்பு தெளிவு என்றால் முடிவெடுக்கும் முன் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

காலக்கெடு முக்கியம். விக்கா கோரிக்கையை விபத்து நடந்து ஓராண்டுக்குள் செய்ய வேண்டும். நீதிமன்ற வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. வழக்குப் போட நினைத்தால் விக்கா கோரிக்கையை முதலில் மீட்டுக்கொள்ள வேண்டும். இழப்பீட்டுத் தொகை பற்றிய அறிவிப்பு வந்து, குறிப்பிட்ட காலத்துக்குள் ஆட்சேபிக்காமல் விட்டால் அதுவே முடிவாகிவிடும். பிறகு “இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமே” என்று வருந்திப் பயனில்லை.

உணவு விநியோகம் செய்பவர்களுக்கு?

இணையத்தள ஊழியர் சட்டம் 2025 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. செயலிவழி உணவு விநியோகிப்போருக்கும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் இப்போது இதே அளவு பாதுகாப்பு, இதே வரம்புகள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆர்டரை ஏற்று அதற்காகப் புறப்பட்டதிலிருந்து அதை முடிக்கும்வரைதான் பாதுகாப்பு. அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்கும் நேரம் இதில் சேராது.

காயம்பட்டால் உடனே செய்ய வேண்டியவை

மருத்துவரிடம் இது வேலையில் ஏற்பட்ட காயம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். “வீட்டில் விழுந்தேன்னு சொல்லிடு” என்று யாராவது கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விபத்து நடந்த இடத்தைப் படம் எடுத்துவையுங்கள். பார்த்தவர்களின் தொலைபேசி எண்ணை வாங்குங்கள்.

நிறுவனத்திடம் உடனே தெரிவியுங்கள். ஒருநாள் மருத்துவ விடுப்பு என்றாலும் அவர்கள் மனிதவள அமைச்சிடம் புகாரளிக்க வேண்டும். அவர்கள் செய்யாவிட்டால் நீங்களே அமைச்சிடம் தெரிவிக்கலாம்.

சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். இழப்பீட்டுக் கணக்கே அதிலிருந்துதான் தொடங்குகிறது.

வெளிநாட்டு ஊழியராக இருந்தால், வேலை அனுமதி ரத்தானாலும் இழப்பீடு கோரும் உரிமை போகாது. இந்தத் தகவல் தேவைப்படும் அண்ணன், தம்பி யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் சொல்லிவையுங்கள்.