லே சாலைக்கு உதிரிபாகம் எடுத்துப்போவது: 42 கிலோவில் இல்லாத ஒரு பம்ப்

2016 ஆகஸ்டில் நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் சென்னையிலிருந்து லேவுக்குக் கிளம்பியபோது வண்டியின் பின்பக்கம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. எடை போட்டேன், 42 கிலோ. செல்ஃப் மோட்டார் ஒன்று, டைனமோ ஒன்று, கிளட்ச் பிளேட், முன்சக்கர பியரிங் இரண்டு செட், பிரேக் பேட், பெல்ட், ஹோஸ், கிளிப், இன்னும் என்னென்னவோ. ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் மூன்று சனிக்கிழமை அலைந்து சேர்த்தது. திரும்பி வந்தபின் அதில் எதெல்லாம் பயன்பட்டது என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு ஹோஸ் கிளிப், இரண்டு ஃபியூஸ், பாதி டியூப் அனபாண்ட். அவ்வளவுதான். வண்டி மூன்று ராத்திரி நின்றது என்னவோ பெட்டியில் இல்லாத ஒரு பாகத்துக்காக.

அந்தப் பாகம் வாட்டர் பம்ப். வேடிக்கை என்னவென்றால், வண்டியிலேயே புத்தம் புதிய பாகம் அதுதான்.

கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னால் எங்கள் ஏரியா மெக்கானிக்கிடம், "அண்ணே, சந்தேகமா இருக்கிற எல்லாத்தையும் மாத்திடுங்க" என்றேன். "சார், பம்ப் நல்லாத்தான ஓடுது, அத எதுக்குத் தொடுறீங்க?" என்று அவர் கேட்டார். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டதே, மலையில் போய் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பிடிவாதமாக மாற்றச் சொன்னேன். பழைய பம்ப் அன்று சாயங்காலமே காயலான் கடைக்குப் போய்விட்டது.

நாக்பூர் தாண்டியதிலிருந்து தினமும் காலையில் கூலன்ட் பாட்டிலில் கொஞ்சம் குறைந்திருக்கும். தண்ணீர் ஊற்றி நிரப்பிக்கொண்டே போனேன். புது ஹோஸ் எல்லாம் போட்டிருக்கிறோம், காற்று வெளியேறி அளவு சரியாகிக்கொண்டிருக்கும் என்று நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. உள்ளே இருக்கும் சீல் கெட்டுப்போனால் அது வழியாகச் சொட்டும். சொட்டட்டும், பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் அந்த ஓட்டையையே வைத்திருக்கிறார்கள். மணாலி வரைக்கும் சுமார் 2,700 கிலோமீட்டர், நான் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

சர்ச்சு தாண்டி கட்டா லூப்ஸ் என்று 21 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறியிருப்போம், பானட்டிலிருந்து ஆவி. டாஷ்போர்டில் வெப்பமானி ஊசியைப் பார்த்தால் வழக்கம்போல நடுவில் நிற்கிறது! எஞ்சின் சூடாகவில்லை, ஆனால் தண்ணீர் கொதிக்கிறது. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. ஊரில் வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. உதிரிபாகம் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எனக்கு இருந்த எண்ணமே மாறியது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 4,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பாதியை விடச் சற்றுத்தான் கூட, அதனால் அங்கே 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலைமேல் பருப்பு வேகாது என்று சொல்வது இதனால்தான். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் வால்வு திறப்பதே 82லிருந்து 88 டிகிரிக்குள். அப்படியென்றால் எஞ்சின் தன் வழக்கமான சூட்டுக்கு வருவதற்குள் தண்ணீர் கொதிக்க வேண்டும். ஆனால் எத்தனையோ லாரிகள் அந்த மலையில் கொதிக்காமல்தான் ஏறுகின்றன. காரணம் ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி இல்லை, ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு. உதாரணமாக 0.9 பார் மூடி என்றால், வெளியில் என்ன அழுத்தம் இருக்கிறதோ அதற்கு மேல் இன்னொரு 0.9 பார் உள்ளே ஏறும்வரை பிடித்து வைத்திருக்கும். அந்த மூடியோடு சென்னையில் கொதிநிலை 119 டிகிரி பக்கம், கட்டா லூப்ஸில் 111 பக்கம். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடும். நான் தினமும் பச்சைத் தண்ணீர் ஊற்றி அதையும் நீர்க்கச் செய்திருந்தேன்.

இப்போது எங்கேயாவது கசிவு இருந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது. சென்னையில் அழுத்தம் போனால் கொதிநிலை 100க்கு இறங்கும், எஞ்சின் 90ல் ஓடும், நமக்குத் தெரியவே தெரியாது. மலையில் போனால் நேராக 85. சமவெளியில் 2,700 கிலோமீட்டர் ஒளிந்திருந்த கோளாறு அங்கே ஏறியதும் வெளியே வந்தது இப்படித்தான். ஊசி நடுவில் நின்றதற்கும் காரணம் இதுவே. போதாக்குறைக்கு, தண்ணீர் மட்டம் இறங்கி சென்சார் ஆவியில் தொங்க ஆரம்பித்தால் அது காட்டும் அளவையும் நம்ப முடியாது.

மெதுவாகச் சர்ச்சுவுக்குத் திரும்பினோம். வழியெல்லாம் நிறுத்தி, ஆறவைத்து, ஊற்றி, மறுபடி உருட்டி. சர்ச்சு சுமார் 4,300 மீட்டர். கோடையில் மட்டும் கூடாரம் போடும் இடம், அப்போது செல்போன் சிக்னல் கிடையாது. அன்று ராத்திரி நண்பனுக்குத் தலைவலி ஆரம்பித்தது, பிறகு வாந்தி. உயரத்தால் வரும் நோய்க்கு நிச்சயமான மருந்து கீழே இறங்குவது. ஆனால் சர்ச்சுவின் சிக்கல் அதன் இரண்டு பக்கமும் அதைவிட உயரம் என்பதுதான். கேலாங்குக்கு இறங்க வேண்டுமானாலும் முதலில் 4,890 மீட்டர் பாரலாச்சா கணவாயை ஏறித் தாண்ட வேண்டும். ஓடுகிற வண்டி இருந்தால் சில மணிநேர விஷயம். இல்லாவிட்டால் விடியும்வரை உட்கார்ந்து அவன் மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு சீலுக்காக இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று அந்த ராத்திரி எத்தனை தடவை நினைத்தேன் என்று தெரியவில்லை.

காலையில் ஒரு டெம்போ டிராவலர்க்காரர் அவனைக் கேலாங்குக்கு ஏற்றிப்போனார். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டானாம். அங்கிருந்து மணாலிக் கடைக்குப் போன் போட்டிருக்கிறான். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பழைய டைப்பா, புது டைப்பா?" ஒரே மாடலிலேயே நடுவில் பாகத்தை மாற்றிவிடுவார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. புத்திசாலித்தனமாக இரண்டையும் வாங்கி லாரியில் அனுப்பினான். பழைய டைப் பொருந்தியது. ஆனால் கூட பேக்கிங் வரவில்லை. ஒரு லாரி கிளீனர் பையன் பிஸ்கட் அட்டையை வெட்டி, இரண்டு பக்கமும் அனபாண்ட் தடவி, ஒரு மணிநேரத்தில் மாட்டிக் கொடுத்தான். அந்த அட்டை லே போய்ச் சென்னை வரைக்கும் தாங்கியது.

சரி, புது பம்ப் ஏன் போனது? அது என் துரதிர்ஷ்டம் மட்டும் இல்லை. 1978ல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் என்ற இரண்டு பொறியாளர்கள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஒரு அறிக்கை எழுதினார்கள். விமானப் பாகங்கள் எந்த வயதில் பழுதாகின்றன என்பது அதில் ஒரு பகுதி. வயதாக ஆகக் கெட்டுப்போகும் வாய்ப்பு கூடும் என்றுதானே நாம் நினைப்போம்? அப்படி நடந்தவை 11 சதவீதம்தான். 68 சதவீதப் பாகங்களில் பழுது வாய்ப்பு ஆரம்பத்தில் அதிகமாக இருந்து, பிறகு குறைந்து, அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. தயாரிப்பில் விட்ட குறை, மாட்டும்போது செய்த தப்பு இரண்டும் முதல் கொஞ்ச நாளிலேயே வெளியே வந்துவிடும். மென்பொருளில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது வெர்ஷனை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகாதே என்போமே, அதேதான். விமானத்தின் சதவீதத்தை அப்படியே ஜீப்புக்குப் போடக் கூடாது. ரப்பர், பெல்ட், பிரேக் பேட் எல்லாம் வயதாகித்தான் சாகும், அவற்றை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றும் வேலையைக் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னால் செய்யாமல் இரண்டு மாதம் முன்னால் செய்து, ஊருக்குள் ஓட்டி, அடியில் குனிந்து பார்க்க வேண்டும்.

இதிலிருந்து வருவதுதான் நான் இப்போது நம்பும் முக்கியமான பழக்கம். நல்ல நிலையில் இருக்கும்போது கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் உங்கள் உதிரிபாகம். அது உங்கள் வண்டியில் பொருந்தும் என்று நிரூபணம் ஆகிவிட்டது. டைப் குழப்பம் இல்லை. செலவும் இல்லை. அட்டைப்பெட்டி பிரிக்காத புதுப் பாகத்தை மலையில் பிரித்துப் பார்க்கும்போதுதான் போல்ட் ஓட்டை மாறியிருப்பது தெரியும். புதுசுதான் வேண்டும் என்பவர்கள் அதை வண்டியில் மாட்டி ஓடவிட்டு, பழையதைப் பெட்டியில் போடுங்கள்.

அப்புறம், எதை எடுப்பது? என் முதல் பெட்டி, எது போனால் பெரிய செலவு என்ற பயத்தில் நிரப்பியது. அது தப்பான கேள்வி. இது போனால் வண்டி நிற்குமா, வழியில் கிடைக்குமா, என் கையால் ரோட்டோரம் மாட்ட முடியுமா? மூன்றுக்கும் விடை பார்த்துத்தான் ஒரு பாகம் பெட்டிக்குள் போக வேண்டும். கிளட்ச் பிளேட் போனால் வண்டி நிற்கும்தான், ஆனால் கியர் பாக்ஸை இறக்க என்னால் ஆகாது. இறக்கத் தெரிந்தவர் இருக்கும் ஊரில் பிளேட்டும் கிடைக்கும். செல்ஃப் போனால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். இரண்டும் சேர்த்து எத்தனை கிலோ சுமந்தேன்!

டைனமோ கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேஸ். என்னுடையது மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல். ஓட ஆரம்பித்தபின் டீசலைத் திறந்து வைத்திருக்கும் சோலனாய்டுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போதும், பகலில் பேட்டரியிலேயே வெகுதூரம் போய்விடலாம். அதுவும் டைனமோ முழுசாகவா கெடுகிறது? அடிக்கடி தேய்வது உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ். அது சில கிராம். முழு யூனிட்டுக்குப் பதில் அதற்குள் தேயும் சின்னத் துண்டை எடுத்துப்போனாலே பெட்டி எடை பாதியாகிவிடும். காமன் ரெயில் எஞ்சின் என்றால் கதை வேறு, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் இல்லாமல் எஞ்சின் ஓடாது. அந்த மாதிரி வண்டிக்கு நான் முதலில் எடுப்பது கிராங்க் சென்சார். உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் அது செத்தால் பல வண்டிகளில் எஞ்சின் எழுந்திருக்காது. கூடவே கோளாறு எண்ணைப் படிக்கும் புளூடூத் கருவி ஒன்று.

எத்தனை எடுப்பது என்பதற்குப் பாய்சான் சூத்திரம் நன்றாக உதவுகிறது. ஒரு பாகம் பயணத்தில் பழுதாக எதிர்பார்ப்பு 0.1 என்று வைப்போம், அதாவது பத்துப் பயணத்துக்கு ஒரு தடவை. உதிரி இல்லாமல் போனால் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 9.5 சதவீதம். ஒன்று இருந்தால் 0.5 சதவீதம். இரண்டாவது பியரிங் செட் எனக்கு வாங்கிக் கொடுத்தது அந்த அரை சதவீதத்தைத்தான். பஞ்சர் வேறு ஜாதி. கரடுமுரடான பாதையில் சராசரி இரண்டு பஞ்சர் என்று வைத்தால், ஒரு ஸ்டெப்னியோடு போகிறவருக்கு இரண்டாவது பஞ்சரும் ஆகி மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 59 சதவீதம். இரண்டு ஸ்டெப்னி வைத்தாலும் 32. அடிக்கடி வரும் பழுதுக்கு உதிரி அடுக்கி மாளாது, பழுது பார்க்கும் சாமான்தான் வேண்டும். பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்பும் இருபது கிலோ டயரைவிட மேல். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் மட்டும் கிட் உதவாது, அதற்குத்தான் அந்த ஒரு ஸ்டெப்னி.

டீசல் ஃபில்டர் இரண்டு எடுக்கலாம். தாண்டி பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று நெடுநாள் ஒரு போர்டு நின்றது. நடுவில் வாங்கினால் பேரலில் இருந்து ஊற்றிய டீசல்தான், உள்ளே தண்ணீரும் தூசியும் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது.

2022ல் மறுபடி அதே சாலையில் போனோம். அதே வண்டி, அதே நண்பன். இந்த முறை அடல் சுரங்கம் வழியாக. கூலன்டைச் சரியாகக் கலந்து ஊற்றியிருந்தேன். பெட்டி 11 கிலோ. புதிய ரேடியேட்டர் மூடி ஒன்றும் அதில் இருந்தது, சில நூறு ரூபாய்தான். முக்கியமான பாகங்களின் நம்பர்களைப் போட்டோ எடுத்து இரண்டு பேர் போனிலும் வைத்திருந்தோம். சர்ச்சுவில் ராத்திரி தங்கவில்லை, அது நண்பன் போட்ட நிபந்தனை. திரும்பும்போது ஒரு ஹோஸ் மட்டும் வெடித்தது, கால் மணிநேர வேலை.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் பிஸ்கட் அட்டை பம்பைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டோம். கழற்றியதைக் காயலான் கடைக்கு எடுத்து வைக்கப்போன மெக்கானிக்கிடம், "அண்ணே, அது எனக்கு வேணும்" என்றேன். சிரித்துக்கொண்டே பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். இன்னும் பெட்டியில் இருக்கிறது. அடுத்த வருஷம் ஸ்பிதி என்கிறான் நண்பன். அதற்குள் அதன் ஷாஃப்டை ஒரு தடவை கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.