குடோனில் கிடக்கும் பழைய கவர்

சில ஆண்டுகளுக்கு முன், தெரிந்தவர் ஒருவரின் மசாலா கம்பெனிக்குப் போயிருந்தேன். அரவை மெஷின், வறுக்கும் இடம் எல்லாம் காட்டிவிட்டுக் குடோனின் பின்கதவைத் திறந்தார். மூட்டை மூட்டையாக மிளகாய்த்தூள் கவர்கள், பிரிக்காத ரோல்கள். முகவரி மாறியபோது மிஞ்சியது ஒரு குவியல், டிசைன் மாற்றியபோது மிஞ்சியது இன்னொன்று.

"காயலாங்கடைக்காரர் கிலோ கணக்குல எடுத்துக்கிறேங்கிறாருங்க. இடமாவது மிச்சமாகும்ல?" என்றார். போட்டும்விட்டார். எட்டு மாதம் கழித்து, அவர் சரக்கே அனுப்பாத ஊரிலிருந்து போன் வந்தது. "உங்க மிளகாய்த்தூள் நறநறன்னு இருக்கே?" கவர் அவருடையது, தூள் அவருடையதல்ல.

இப்படி மிஞ்சுவதற்கு அச்சடிக்கும் முறையும் ஒரு காரணம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும் என்பதால், குறைந்த அளவில் யாரும் அடித்துத் தரமாட்டார்கள். சிறு கம்பெனிக்காரர் ஆறு மாதத் தேவைக்கு இரண்டு வருடச் சரக்கை வாங்கி வைப்பார். அதற்குள் விதி மாறிவிடும். கிராமுக்கு என்ன விலை என்பதையும் கவரில் போட வேண்டும் என்ற விதி அப்படி வந்ததுதான். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி குறைந்தபோது பல பொருட்களின் விலையே மாறியது.

ஆனால் பழைய கவர் என்றாலே குப்பை என்று முடிவுகட்ட வேண்டாம். பொதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி விவரங்களை மாற்ற எடையளவுச் சட்ட விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் விலையைக் குறைப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு, அதுவும் பழைய விலையை மறைக்காமல் ஒட்ட வேண்டும். வரி மாறும்போது அரசு தனியாக அவகாசமும் கொடுப்பது வழக்கம். 2025இல் மிஞ்சிய கவர்களில் திருத்திய விலையை முத்திரையாகவோ ஸ்டிக்கராகவோ போட்டு, 2026 மார்ச் 31 வரை பயன்படுத்த அனுமதித்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் இப்படித்தான். அந்தச் சுற்றறிக்கையைப் பார்க்காமலே கவர்களைக் கழித்துக்கட்டியவர்கள் உண்டு.

உண்மையிலேயே கழிக்க வேண்டியதை முதலில் உருக்குலையுங்கள். ரோலைப் பிரிக்க வேண்டியதில்லை, பெயர் விழும் இடமாகப் பார்த்துக் குறுக்கே அறுத்தால் போதும். பவுச்சுகளைக் கட்டாகப் பிடித்து வெட்டலாம். கண்ணெதிரே வெட்டி, போட்டோ எடுத்து, 'வெட்டப்பட்ட நிலையில்' என்று பில்லில் எழுதிய பிறகே வண்டியில் ஏற்றுங்கள். ஒரு நாள் கூலிக்குக் கணக்குப் பார்த்தால், பிராண்டை அதே கிலோ விலைக்கு விற்றதாகிவிடும்.

போலி வந்துவிட்டால் சட்டம் கைகொடுக்கும். வேறொருவரின் வணிகக் குறியீடு உள்ள பொதியில் வேறு சரக்கை நிரப்புவதே குற்றம் என்கிறது 1999ஆம் ஆண்டின் வணிகக் குறியீடுகள் சட்டம், 102ஆவது பிரிவு. அடுத்த பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். டிஎஸ்பிக்குக் குறையாத அதிகாரி, குறியீட்டுப் பதிவாளரின் கருத்தைக் கேட்டபின், வாரண்ட் இல்லாமலே சோதனையிடலாம். வாங்கி ஏமாந்தவர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். கவரையும் மிச்சத் தூளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இனி, வெட்டியது எங்கே போகும்? மூட்டை சுற்றிய வெள்ளை ஃபிலிம், பிபி சாக்கு, டிரம் ஆகியவை ஒவ்வொன்றும் ஏதாவது ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. வகை பிரித்து உருக்கிக் குருணையாக்கிப் பைப்பாகவோ குப்பைப் பையாகவோ மாற்றலாம். மசாலா பவுச் அப்படியல்ல. வெளியே பெட் (PET) பிளாஸ்டிக், நடுவே வெள்ளி நிற உலோகப் பூச்சு, உள்ளே பாலித்தீன், மையோ அடுக்குகளுக்கு நடுவில். பாலித்தீன் 130 டிகிரிக்குள் உருகிவிடும், பெட் உருக 250 டிகிரி வேண்டும். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டால் எதுவும் தேறாது. கையில் கசக்கிப் பாருங்கள்: விரிந்துகொண்டால் வெறும் உலோகப் பூச்சு, கசங்கியபடியே கிடந்தால் அலுமினியத் தகடு. எப்படியானாலும் இதன் போக்கிடம் பெரும்பாலும் சிமென்ட் ஆலைச் சூளைதான், அரியலூர் வட்டாரத்தில் அதற்கு வழியுண்டு. தார்ச்சாலை இன்னொரு வழி. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறையில், சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவுகிறார்கள். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பிவிசி மட்டும் அதில் கலக்கவே கூடாது.

எடுப்பவர் யார் என்பதும் முக்கியம். மறுசுழற்சி செய்பவர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகள். பதிவுச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பிவிடாதீர்கள். மறுசுழற்சி செய்ததாகச் சொல்லி உருவாக்கப்பட்ட 6 லட்சம் அளவிலான போலிச் சான்றிதழ்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2023இல் கண்டுபிடித்தது. ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: அழித்துவிட்டதாகக் கணக்கு எழுதினால், அந்தக் கவருக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டிவரும்.

ராத்திரியில் காம்பவுண்டுக்குள் கொளுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கும் அக்கம்பக்கத்தார் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். அசையாவிட்டால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. வழக்குக்கு 6 மாதம், இழப்பீடு கேட்க 5 ஆண்டு கெடு. தேதி போட்ட போட்டோ இருந்தால் நல்லது.

மசாலாக்காரர் இப்போது மரம் அறுக்கும் மில்லிலிருந்து ஒருவரை வரவழைக்கிறார். ரோல் இரண்டாகும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். போன முறை நான் போனபோது, அறுத்த பாதியொன்றை உருட்டிக் காட்டி, "இனிமே இதுல என்னத்த நிரப்புவாங்க?" என்றார்.