ஆற்றங்கரைப் பாதையும் குடியானவர் நலமும்

கல்வராயன் மலையிற் பெய்யும் மழை, கல்படை, பொட்டியம் முதலிய ஓடைகளின் வழியே இறங்கிக் கோமுகி அணையிற் சேர்கின்றது. அவ்வணை 46 அடி வரை நீர் கொள்ளும். அங்கிருந்து புறப்படும் கோமுகி நதி கள்ளக்குறிச்சியைக் கடந்து, மணிமுத்தா நதியுடன் கூடி, முடிவில் வெள்ளாற்றிற் கலக்கின்றது. நகரங்களிலே நீர்நிலைகளின் கரையில் நடப்போருக்கும் சைக்கிளிற் செல்வோருக்கும் பாதைகள் அமைக்கப்பெற்று வருதலைக் காணும் நம்மவர், அணை தொடங்கிக் கள்ளக்குறிச்சி வரையிலேனும் இத்தகைய பாதை ஒன்று வேண்டுமென விரும்புதல் இயல்பே. ஆயின், கரையை அடுத்துக் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் பயிரிடுவோர் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “இதனால் என் நிலம் போகுமா?” இக்கேள்விக்கு நேர்மையான விடை கூறாமற் போடப்படும் பாதை நிலைத்து நில்லாது.

கரை யாருடையது?

ஆற்றுப் புறம்போக்கு சர்க்காருக்கு உரியது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இதனைத் தெளிவாகக் கூறுகின்றது. எனினும், ஆண்டுக்கு ஒரு சால் வீதம் ஏர் கரைப்பக்கம் நகர்ந்து வருதலும், அளவுக்கல் மண்ணுள் மறைந்து போதலும் யாவரும் அறிந்தவையே. ஒருவர் தெரிந்தே செய்ததும் உண்டு. தந்தை உழுத எல்லையை மகன் அறியாமல் உழுததும் உண்டு. ஆறு திசை மாறியமையால் பட்டா நிலமே கரையாகிவிட்ட இடங்களும் இருத்தல் கூடும்.

ஆதலின், பாதைக்கு முதல் வேலை மண் வெட்டுதலன்று, அளத்தலே. கிராம நிர்வாக அலுவலர் புலப்படத்தையும் ‘அ’ பதிவேட்டையும் கையிற்கொண்டு, சர்வேயருடனும் அடுத்த நிலக்காரருடனும் கரையை நடந்து பார்த்தல் வேண்டும். உரியவர் இல்லாத வேளையில் அளந்து கல் நடுவது வழக்கிற்கே வழிகோலும். பட்டா நிலம் இன்றியமையாததாயின், 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி இழப்பீடு கொடுத்தே பெறுதல் முறை. வாய்ச்சொல்லை நம்பி நிலம் விடுதலும் கூடாது. வாய்ச்சொல்லால் நிலம் பெறுதலும் கூடாது.

பிறரது அனுபவம்

ஆமதாபாத் நகரில் சபர்மதி நதியின் இருகரையிலும் சுமார் 11 கிலோமீட்டர் நீளத்திற்குச் சுவர் எழுப்பி, 2012-ல் நடைபாதை திறக்கப்பெற்றது. அது கண்ணுக்கு இனியதே. ஆயினும், கரையில் வாழ்ந்த பதினாயிரத்திற்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. அங்கு ஆண்டு முழுவதும் நிற்பது நருமதைக் கால்வாயிலிருந்து விடப்படும் நீராகும். அவ்வாறு நீர் விடுதற்கு வேறு நதி நமக்கில்லை. கான்கிரீட் சுவரும் நமக்கு வேண்டுவதில்லை.

இங்கிலாந்தின் தேம்ஸ் நதிப் பாதை நமக்கு அணுக்கமான பாடம். குதிரைகள் கரைமேல் நடந்து படகுகளை இழுத்துச் சென்ற பழைய தடமே அதற்கு அடிப்படை. அத்தடம் பல இடங்களில் ஒரு கரையினின்று மறுகரைக்கு மாறும். அங்கெல்லாம் ஓடங்கள் இருந்தன. ஓடங்கள் நின்றபின் தடமும் துண்டுபட்டது. 1948-ல் எழுந்த யோசனை, சில இடங்களிற் புதிய பாலங்களும் கட்டப்பெற்று, 1996-ல் 184 மைல் நீளமுள்ள பாதையாக நிறைவேறிற்று. பழைய தடத்தைக் கைவிடாமை, அவசரமின்மை, அறுந்த இடத்தை இணைத்தல் ஆகிய மூன்றும் நாம் கொள்ளத்தக்கவை.

வெள்ளத்தை மறவாமை

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேறித் தென்பெண்ணைக் கரையூர்களைப் பாழ்படுத்தியதை நமது ஜில்லா மறக்கவியலாது. கோமுகி சிறிய நதியே எனினும், மலைமழை விரைந்து இறங்குவது. ஆகையால் பாதைக்காகக் கரையைச் சீவித் தாழ்த்துதலும், ஆற்றினுள் மண் கொட்டி அகலப்படுத்துதலும் அறவே கூடாதன. பாதை கரையின் மேலோ, கரைக்கு வெளியிலோ இருத்தல் வேண்டும்.

அமைக்கும் முறை

மூன்று மீட்டர் அகலம் போதுமானது. இரு சைக்கிள்களும் ஓர் ஆளும் இடரின்றி விலகிச் செல்லலாம். அறுவடைக் காலத்தில் வண்டியும் போகலாம். சரளை மண்ணைப் பரப்பி, நீர் தெளித்து, நன்கு இறுக்கி, மழைநீர் தேங்காதபடி சிறிது சரிவு கொடுத்தல் வேண்டும். வாய்க்காலும் மோட்டார்க் குழாயும் குறுக்கிடும் இடந்தோறும் முதலிலேயே குழாய்ப்பாலம் வைத்தல் அவசியம். பாதைக்காக ஒருவரது பாய்ச்சல் ஒரு நாளும் தடைப்படலாகாது.

கரைச்சரிவில் வெட்டிவேர் நாற்றுகளைச் சரிவுக்குக் குறுக்கே அரையடிக்கு ஒன்றாக வரிசையாய் நடுக. அதன் வேர் ஆழச் சென்று மண்ணைப் பற்றும். நாற்றுக்கு நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை, கடலூர் ஜில்லாவில் அது பயிராகின்றது. கரையின் வெளியோரம் பனையும், அகன்ற இடங்களில் மருதும் புங்கும் நிழல் தரும். மோட்டார் வண்டிகள் நுழையாதவாறு இரு முனையிலும் தடைக்கம்பம் நாட்டி, அதன் திறவுகோலைப் பஞ்சாயத்தின் பொறுப்பில் வைத்து, அறுவடைக்கு மட்டும் திறந்துவிடலாம்.

வழிப்போக்கரால் விளைச்சல் களவு போகும், போத்தல்கள் வயலில் விழும் என்னும் அச்சம் வீணானதன்று. அதனாலேயே இரவில் பாதையை மூடுதலும், குப்பை அகற்றும் பொறுப்பை எழுத்தில் வரையறுத்தலும் வேண்டப்படுகின்றன. ஆயின் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: நாள்தோறும் மக்கள் நடமாடும் கரையில் மணல் திருடுவோர் துணிந்து வண்டி இறக்கார். கரை உடையத் தொடங்கும் இடமும் உடனே கண்ணிற்படும்.

நீட்டுதல் எப்பொழுது?

முதலில் இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டர் போதும். அப்பகுதி ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாங்கி, அரிப்புகள் செப்பனிடப்பெற்ற பின்னரே அடுத்த பகுதியைத் தொடங்குக. செப்பனிடப்படாத பத்துக் கிலோமீட்டரினும் செப்பமான இரண்டு கிலோமீட்டர் மேலானது.

மலைமேல் நீட்டுவதாயின் முறை வேறு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராமத்தாருக்காகச் சர்க்கார் அமைக்கும் சாலை முதலியவற்றிற்கு ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் சிபாரிசின்மீது அனுமதிக்கின்றது. உல்லாசப் பயணத்திற்கென அமைக்கும் பாதையை இதனுட் புகுத்துதல் தகாது. மலைவாழ் மக்கள் பள்ளிக்கும் சந்தைக்கும் செல்லும் ஒற்றையடிப் பாதைகளை அவர்களைக் கேட்டுச் செப்பனிடுவதே நேரிய வழி.

கரை பலமாயிருந்தாலன்றோ கழனி நிலைக்கும்? எனவே நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தரும், நீர்வளத் துறையாருக்கு விண்ணப்பம் எழுதுமுன், வரும் கோடையில் ஆறு வற்றியிருக்கும் ஒரு காலைப்பொழுதிற் புலப்படத்துடன் தம் ஊர் எல்லை வரை கரையில் ஒன்றாக நடந்து பார்ப்பாராக. அளவுக்கல் எங்கே உளது, எங்கே இல்லை என்பதை அன்றே குறித்துக்கொள்வாராக. அக்குறிப்பே அப்பாதையின் அஸ்திவாரம்.