கணக்கேடும் விலைப்படமும்



எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் ஒரு வழக்கு நடக்கும். அப்பா ஏதேனும் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை விரித்து வைத்திருப்பார். சித்தப்பாவோ கைபேசியில் ஏறி இறங்கும் கோடுகளைக் காட்டுவார். என் கல்லூரிப் படிப்புக்காக அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் கொஞ்சம் எடுத்துப் பங்கு வாங்கலாமா என்பதே வழக்கு. பணம் என் பேரில் அல்லவா? ஆகவே நானும் காது கொடுத்துக் கேட்டேன்.

அப்பாவின் வழிக்கு அடிப்படை ஆய்வு என்று பெயர். கம்பெனியின் இலாபம், கடன், கையிருப்பு ஆகியவற்றை அது பார்க்கிறது. பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாட் என்னும் இருவர் 1934-இல் அமெரிக்காவில் இதைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதினர். பங்கின் விலை 200 ரூபாய், ஆண்டில் ஒரு பங்குக்குரிய இலாபம் 10 ரூபாய் என்றால், இலாபத்தைப் போல் 20 மடங்கு கொடுத்து வாங்குகிறோம். அதே தொழிலில் இன்னொன்று 12 மடங்குக்குக் கிடைத்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.

சித்தப்பாவினுடையது நுட்ப ஆய்வு. விலை சென்ற பாதையையும், எத்தனை பங்குகள் கைமாறின என்பதையும் மட்டுமே அது கவனிக்கும். கடந்த 200 நாட்களின் சராசரி விலைக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது அவர் அடிக்கடி கேட்கும் கேள்வி.

பாட்டிக்கு இது உடனே விளங்கிவிட்டது. "நெசவையும் சரிகையையும் பார்ப்பவன் உன் அப்பன், ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருப்பவன் உன் சித்தப்பன்" என்றார்!

நெசவே பொய்யாக இருந்தால்? ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதை அதுதான். அதன் ஏட்டில் 5,361 கோடி ரூபாய் கையிருப்பு இருந்தது. 2008 டிசம்பர் 16-இல், நிறுவனர் குடும்பத்தைச் சேர்ந்த இரு கம்பெனிகளை வாங்கப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு எழவே உடனே கைவிட்டார்கள். மறுநாள் பங்கு விலை ஏறக்குறைய 30 விழுக்காடு விழுந்தது. ஏடு அப்படியே இருந்தது. விலைதான் அபாயமணி அடித்தது. 2009 ஜனவரி 7-இல், அக்கையிருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று தலைவரே கடிதம் எழுதினார். அன்று ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் விலை போயிற்று.

உடனே சித்தப்பா மீசையை முறுக்கினார். ஆனால் அது உலகச் சந்தைகளே சரிந்த ஆண்டு. நல்ல கம்பெனிகளின் படங்களும் கீழ்நோக்கியே இருந்தன. படம் பார்த்து அவற்றை விற்றவர்கள் 2009-இல் விலை ஏறியபோது கைபிசைந்திருப்பார்கள். விழுகிறது என்று படம் சொல்லும். ஏன் என்று சொல்லாது.

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அப்பா ஏட்டில் தேர்ந்தெடுத்த கம்பெனிகளை மட்டும் சித்தப்பா படத்தில் பார்த்து, வாங்கும் வேளையைச் சொல்வார். விலை 200 நாள் சராசரிக்குக் கீழே இறங்கினால், அப்பா பிடிவாதம் பிடிக்காமல் ஆண்டறிக்கையை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். காரணம் புரியாவிட்டால் விற்றுவிட வேண்டும்.

அம்மா ஒரு நிபந்தனை சேர்த்தார். மூன்று ஆண்டுக்குள் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணம் வங்கி வைப்பிலேயே கிடக்கும். இவர்கள் இருவரும் பத்தாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு வாதாடட்டும்.