கோவைகளுக்குள் அடங்கிய அணு

அணு என்றதும் அழிவையே நினைந்து பழகிவிட்டோம். வியன்னாவில், 1957இல் தோன்றிய சர்வதேச அணுசக்தி முகவர் நிலையத்தின் நிர்வாக உதவியாளருக்கோ அது பெரும்பாலும் காகிதம். இப்பொழுது கணினித் திரையுந்தான்!

2005இல் அந்நிலையமும் அதன் தலைவர் முகம்மது எல்பராதியும் நோபல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். புகழ் பரிசோதகரையுஞ் சாரும். ஆனால், அவர் ஓர் அணு உலையினுட் கால்வைக்குமுன் அவர் பெயருக்கு அந்நாட்டின் சம்மதம் வேண்டும், விசா வேண்டும், பிரயாண ஒழுங்குகள் வேண்டும். இவற்றுக்கான கடிதங்களை வரைந்து, திகதிகளை ஒப்புநோக்கிக் கோவைப்படுத்தும் கைகளை யார் அறிவார்? கடவுச்சீட்டிலக்கம் ஒன்று பிழைத்தாலும் பயணம் தடைப்படலாம்.

அக்கோவைகளுட் சில இரகசியமானவை. அன்று பார்த்த வேலையை இல்லத்தாரிடமும் உரைத்தலாகாது. பதவி நீங்கிய பின்னரும் அக்கட்டுப்பாடு நீங்குவதில்லை.