ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் முறை



ஆராய்ச்சி என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே, அது பெரும் புலவர்க்கே உரியது என்று அஞ்சுவோர் பலர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. ஒரு வினாவை எழுப்பி, அதற்குரிய சான்றுகளைத் தேடி, கண்ட முடிவை முறைப்பட எழுதுவதே ஆராய்ச்சிக் கட்டுரை. சான்றின் அருமையை எனக்கு உணர்த்தியவன் என் மாணவன் ஒருவனே.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வகுப்பில் பல்லாண்டுகள் சொல்லி வந்தேன். ஒரு முறை அக்கோயிலைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணித்து, ஒவ்வொரு செய்தியும் கிடைத்த இடத்தை அடிக்குறிப்பில் காட்டுமாறு கூறினேன். அம்மாணவன் நிழலைப் பற்றி எழுதிவிட்டு, அடியில், 'எங்கள் ஆசிரியர் வகுப்பில் கூறியது' என்று குறித்திருந்தான். திருத்திக்கொண்டிருந்த என் கை நின்றது. எனக்கு அதைக் கூறியவர் யார்? எவரோ சொல்லக் கேட்டேனேயன்றி, நான் சென்று பார்த்ததில்லை. விடுமுறையில் மாணவர்களோடு தஞ்சைக்குச் சென்றேன். காலை வெயிலில் விமானத்தின் நிழல் மேற்குப் புற முற்றத்தில் நீண்டு கிடந்தது. மாணவர்கள் என் முகத்தை நோக்கினர். 'நான் கூறியது பிழை' என்று அவ்விடத்திலேயே சொன்னேன்.

இனி, முறையைக் கூறுகிறேன். முதலில், வினா சிறியதாகவும் தெளிவாகவும் இருத்தல் வேண்டும். 'சோழர் கலை' என்பது கடல். 'பெரிய கோயில் விமானம் எப்போது நிறைவெய்தியது?' என்பதே விடை காணத்தக்க வினா.

அடுத்தது சான்று. முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைப்பதற்குச் செப்புக் குடம் அளித்தான் என்று அக்கோயிற் கல்வெட்டு கூறுகிறது. அவன் அரசேற்றது கி.பி. 985. ஆதலின் குடம் அளித்த ஆண்டு 1010 எனக் கணக்கிடுகிறோம். குடம் அளித்தது கல்வெட்டுச் செய்தி. விமானம் அதனை ஒட்டி நிறைவெய்தியிருக்கும் என்பது நாம் உய்த்துணர்வது. இவ்விரண்டையும் கலவாமல் எழுதுக.

படிக்கும்போதே ஒரு செய்திக்கு ஒரு சிறு தாளாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவற்றையும் அதிலேயே எழுதுங்கள். பிறகு தேடலாம் என்று விட்டால் கிடைப்பது அரிது. பிறர் சொற்களை அவ்வாறே எடுத்தாண்டால் மேற்கோட் குறிக்குள் அடக்குங்கள். அங்ஙனம் செய்யாதது களவு. பின்னர்த் தாள்களை வரிசைப்படுத்தினால் கட்டுரையின் அமைப்பு தானே புலப்படும். முன்னுரையில் வினாவையும், இடையில் சான்றுகளையும், முடிவுரையில் விடையையும் வையுங்கள். சான்று உங்கள் கருத்துக்கு மாறாக நின்றால், மாற வேண்டுவது கருத்தே.

அடிக்குறிப்பை வெறும் சடங்கு என்று எண்ணாதீர்கள். அன்று அச்சிறுவன் எழுதிய ஒரு வரி இல்லையேல், என் பிழை இன்னும் எத்தனை வகுப்புகளுக்குப் பாடமாகியிருக்குமோ!